ரிமூவ்னா என்ன?

வெள்ளிக்கிழமை பஜனையில் என்னோடு உட்காருகிற அக்காமாரே, தங்கச்சிமாரே, நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். பாட்டு எடுத்துக் கொடுக்கிற அக்கா "அடுத்தது யாரு?" என்று திரும்பும்போதெல்லாம் முந்தானையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவள். உங்களில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

கோயில் மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் சின்ன வயசு ஞாபகம் எழுதித் தரச் சொன்னீர்கள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டதை எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து கை ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மருமகள், "அத்தை, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். மாத்திரைக்கு அடங்குகிற சங்கதியா இது?

ஒரு பக்கத்துக்கு மேல் போகும். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வீடு. அப்பாவுக்கு யார்டில் வேலை. ரயில் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று கோத்து விடுவது, கழற்றி விடுவது. பெட்டியும் பெட்டியும் மோதும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். கேட்டால் அம்மா, "ஒங்கப்பா பேசுறாரு" என்பாள். மற்றபடி அப்பா பேசிக் கேட்டது குறைவு. குழம்பில் உப்பு இல்லையென்றால் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். அதைப் பார்த்து அம்மா உப்புச் சாடியை எடுத்து வருவாள். நான் அப்படியே அவரை உரித்து வைத்த மாதிரி.

எதிர் வீட்டு மாமாவுக்கும் யார்டில்தான் வேலை. குடிக்காத நேரத்தில் நல்ல மனுசன். நான் ஆறாவது படித்த அந்த வருசம், கேரி தீவில் இருந்த தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், கல்யாணம் முடிந்தும் திரும்பவில்லை. லீவு சொல்லவில்லை. டாக்டரிடம் எம்சி சீட்டு வாங்கிக் கொடுக்கவில்லை. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வீட்டு வாசலுக்கே வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல், இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார். அந்த வரியில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்.

"ரிமூவ் பண்ணிட்டாங்களாம்."

ரயில்வேயில் வேலை போனால் வீடும் போய்விடும். லோரி வந்தது. கோழிக்கூண்டு, தையல் மெஷின், சாமிப் படங்கள், சுருட்டிய பாய் எல்லாம் ஏறின. மாமி கதவைச் சாத்திவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஏறினாள். அவர்களுடைய சின்ன மகள் சாமான்களுக்கு மேல் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோரி கிளம்பும்போதும் அந்தக் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, அதிசயமாக வாயைத் திறந்தார்.

"லீவு மட்டும் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. ஒரு வார்த்தை. சொல்லாம இருந்துட்டான்."

பெரியவர்களுக்கு அது பயம். பிள்ளைகளுக்கு விளையாட்டு. கண்ணாமூச்சியில் பிடிபட்டவன், பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்தவள், எல்லாரையும் பார்த்து, "ரிமூவ்! ரிமூவ்! லோரி வருது, மூட்டையக் கட்டு!" என்று கை தட்டிக் கத்துவோம். உரக்கக் கத்துகிறவள் என் பெஞ்சுக்காரி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருசமும் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் எனக்குத் தெரியும், வாய் அவளுக்கு இருந்தது. நான் நோட்டு ஓரத்தில் எழுதிக் காட்டுவேன், அவள் எழுந்து சொல்வாள். பெரிய வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு வரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பெரிய வாத்தியார்தான் ஒருநாள் கோயில் வாசலில் அப்பாவைப் பிடித்துச் சொன்னார். "பொம்பளப் புள்ளன்னு நிறுத்திடாதீங்க. பெரிய பள்ளிக்கு அனுப்புங்க. ஒங்க மக புடிச்சுக்கும்."

"சரிங்க சார்." அப்பா அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் நீலத் துணி. பெரிய பள்ளிப் பெண்கள் போட்டுக்கொண்டு போவார்களே, பினாஃபோர், அதற்கான துணி.

"இன்னும் வருசமே முடியல. அதுக்குள்ள துணி வாங்கியாச்சா?" என்றாள் அம்மா.

அப்பா துணியை என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கஞ்சி போட்ட விறைப்பு. புதுத் துணி நெடி. அவருடைய விரல் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் வாசனை. இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து முகர்ந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த நீலம் உடம்பில் ஏறிவிட்டால் வாயும் தானாக வந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வருசக் கடைசியில் எனக்கு அம்மை போட்டது.

நம் வயசுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை. பாய் மேல் வேப்பிலை. தாளிக்கக் கூடாது. ஆள் வரக் கூடாது, போகக் கூடாது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, அழக் கூடாது, கோபப்படக் கூடாது. ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரிடம் போவதைப் பற்றி அப்பா லேசாக வாயெடுத்தபோது அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவ வந்திருக்கா, நீங்க சீட்டு வாங்கப் போறீங்களா?" ஆகவே எம்சி இல்லை. பள்ளிக்கும் யாரும் சொல்லவில்லை. பள்ளியின் கடைசி வாரங்கள் எல்லாம் நான் வேப்பிலைக்குள் படுத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், நைட் வேலை முடித்து வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் முதுகை நீவிக்கொண்டிருந்தார். வெளியே குரல் கேட்டது.

"ஏய் வேப்பிலை! உள்ள இருக்கியா?"

எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கம் என் பெஞ்சுக்காரி, பள்ளிச் சட்டையோடு நின்றாள்.

"பெரிய வாத்தியார் பேரு படிச்சாருடீ! ஒனக்கு ரிமூவ்! ரிமூவ்டீ!"

சிரித்துக்கொண்டே கை தட்டினாள். அப்படியே விளையாட்டில் தட்டுகிற மாதிரி. அதற்குள் தூரத்திலிருந்து அவள் அம்மா, "அம்மை வீட்டுப் பக்கம் ஒனக்கு என்னடி வேலை!" என்று கத்த, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

திரும்பினேன். அப்பாவின் கையில் வேப்பங்கொத்து அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தை எப்படி எழுதுவது? எதிர் வீட்டு லோரியைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதே முகம்.

எனக்கு வாய் கோணியது. அம்மா ஓடி வந்து உதட்டில் விரலை வைத்து வேப்பிலையைக் காட்டினாள். "அழுவாத சாமி. ஆத்தா கோவிச்சுக்குவா." சத்தமில்லாமல் அழுதேன். கண்ணீர் கன்னத்துப் புண்ணில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அப்பா மறுபடி முதுகை நீவ ஆரம்பித்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்பது அந்த வீட்டில் அப்போது சட்டம். ஆத்தா போன பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

தண்ணீர் ஊற்றி முடித்த மறுநாள் அப்பா தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டை அசைத்து என்னமோ சொல்லிப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக நடந்தார். போன சுருக்கில் வந்துவிட்டார். சட்டை கசங்கக்கூட இல்லை. கழற்றி, மடித்து, பெட்டியில் வைத்தார். அந்தப் பெட்டியில் அடியில் நீலத் துணி இருந்தது.

அடுத்து நடந்தது மாற்றல். கிள்ளானுக்கு. லோரி வந்தது. எங்கள் பாயும் சட்டியும் ஏறின. நான் சாமான்களுக்கு மேல் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அந்தக் கடிகாரச் சிறுமி ஞாபகம் வந்தாள். ரிமூவ் ஆனவர்கள் இப்படித்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெஞ்சுக்காரி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிக் கை தட்டினாளே.

கிள்ளானில் எங்கள் வரிசையில் பெண் பிள்ளைகள் எல்லாம் ஆறாவதோடு நின்றவர்கள்தான். ஆகவே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்ல" என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். அம்மா ஒருநாள் நீலத் துணியை எடுத்து வெட்டினாள். அப்பாவின் அடுக்குச் சட்டிக்குக் கைப்பிடி வைத்த பை தைத்தாள். மீதித் துணியில் அதற்கே ஒரு மூடி. ஒரு ரயில்வேக்காரர் வெளுத்துப் போன பெரிய பள்ளி நீலத்தில் சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவதை அந்தக் காலத்தில் கிள்ளானில் யாராவது பார்த்திருக்கலாம். சாயங்காலம் அந்தப் பையைக் கசக்கிக் காயப்போடுவது என் வேலை. குழம்புக் கறை போகும். கிரீஸ் போகாது.

பிறகு பிஸ்கட் பெக்டரி. பிறகு கல்யாணம். பிறகு பிள்ளைகள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்தபோது வீட்டுக்காரர் தமிழ்ப்பள்ளி என்றார். எதற்கும் மறுவார்த்தை பேசாத நான் அன்றைக்கு மட்டும், "மலாய் ஸ்கூல்லயே போடுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. ஆறு வருசம் படிக்க வைத்துவிட்டுக் கடைசியில் பேர் படித்து வெளியே தள்ளுகிற இடத்துக்கு என் பிள்ளைகளை எப்படி அனுப்புவேன்? அதனால் என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காகிதம் மேசை மேல்தான் கிடக்கிறது. அவன் கோப்பி டம்ளரை எடுத்துவிட்டு, தாளைப் பார்த்து, "என்னம்மா எறும்பு ஊர்ற மாதிரி எழுதுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள், ரேடியோவிலும் வரும்: "மக புகுமுக வகுப்புக்குப் போறா." கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை. புகுமுக வகுப்பு! சொல்லைக் கேட்டாலே கதவு திறந்து யாரோ உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி இல்லையா? அது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பேச்சு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்பா தவறிய வருசம் அம்மா எனக்கு ஒன்று சொன்னாள். அப்பா அன்றைக்குக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது என்ன என்று. "சார், புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க. அதான் பள்ளிக்கு வரல. லீவு சொல்லாம விட்டுட்டோம்." இதைச் சொல்லத்தான் போயிருக்கிறார். பள்ளி லீவு விட்டுக் கேட் பூட்டிக் கிடந்திருக்கிறது. திரும்பி வந்து அம்மாவிடம், "எதிர் வீட்டுக்காரனுக்கு நடந்தது நம்ம புள்ளைக்கு நடந்துருச்சு. நாந்தான் லீவு சொல்லாம விட்டேன். என்னாலதான் புள்ளைய நீக்கிட்டாங்க" என்றாராம். கிள்ளான் மாற்றலும் அவர் கேட்டு வாங்கியதாம். புதுசாகப் போகிற ஊரில் என்னை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று.

அதைக் கேட்டு அன்றைக்கே அழுது தீர்த்துவிட்டேன். பாவம், வீட்டில் அம்மை வந்ததற்கு அந்த மனுசன் என்ன செய்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருசமும் இருந்தேன்.

இப்போது பேத்தியைப் பற்றி. மகனின் மகள். இந்த வருசம் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருக்கிறாள். அவளோடு வெளியே போனால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். கிளினிக்கில் டாக்டர் எனக்கு மாத்திரை எழுதினால், "இது எதுக்கு டாக்டர்? பழைய மாத்திரையும் சேத்துப் போடணுமா?" என்கிறாள். பேங்கில், பசாரில், கோயிலில் ஐயரிடம்கூட. தொடையில் கிள்ளுவேன். "என்ன வாய் இது?" என்பேன். அவள் தொடையைத் தேய்த்துக்கொண்டே, "கேட்டா என்ன லா பாட்டி, கடிச்சிருவாங்களா?" என்பாள். நாமெல்லாம் எப்படி வளர்ந்தோம், இதுகள் எப்படி வளருது என்று உங்களிடம்கூட ஒரு வெள்ளிக்கிழமை சுண்டல் வாங்கும்போது முணுமுணுத்திருக்கிறேன். அந்த முணுமுணுப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கல்யாணம் மருமகள் பக்கத்துச் சொந்தம். பிரிக்பீல்ட்ஸில் மண்டபம். எனக்கு ஒரு பக்கம் பேத்தி, இன்னொரு பக்கம் பட்டுச்சேலையும் குட்டை முடியுமாக ஒரு அம்மா. சாதம் பரிமாறியிருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி என் புருவத்துக்கு மேலே இருக்கும் அம்மைத் தழும்பைத் தொட்டாள்.

"குவார்ட்டர்ஸ். கடைசி வீடு. நீ வேப்பிலைதானே?"

எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டேன். அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு வாய்.

"முழிக்காதடீ. அப்பவும் இப்படித்தான் முழிப்ப." என் பெஞ்சுக்காரிக்குக் கண் கலங்கியது, வாய் மட்டும் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலை பார்த்து ஓய்வு வாங்கியவளாம். ஊசி போடும்போது நோயாளியை ஏமாற்றப் பேசிப் பேசி வாய் இன்னும் வளர்ந்துவிட்டது என்றாள். "ஆறு வருசம் ஒம் பதில வாங்கிச் சொல்லியே பாஸ் ஆனேன். கடைசியில என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்ட. ரிமூவ்ல நான் பட்ட பாடு இருக்கே! ஒரு பதிலும் தெரியாம ஆந்தை மாதிரி ஒக்காந்திருந்தேன்."

நீயும் ரிமூவா? எனக்குள் கேள்வி எழும்பியது. வழக்கம்போல எழும்பி, வழக்கம்போல உட்கார்ந்தது.

என் பேத்தி அப்பளத்தைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ரிமூவ்னா என்ன ஆன்டி?"

இரண்டே சொல். எங்கள் வீட்டில் மூன்று பேர் வேப்பிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் விட்ட கேள்வி.

"ஆன்டின்னா கூப்பிட்ட? நீ நல்லா இருப்ப!" என்று அவள் கன்னத்தைத் தட்டினாள் பெஞ்சுக்காரி. "அது கிளாஸ் பேருடா கண்ணு. தமிழ்ப்பள்ளியில ஆறாவது முடிச்சுட்டுப் பெரிய ஸ்கூலுக்குப் போனா, அப்பல்லாம் மொத வருசம் அதுலதான் ஒக்காரணும். மலாய் நல்லாப் படிச்சுக்கறதுக்கு. அப்புறந்தான் ஃபார்ம் ஒன். இங்கிலீஷ்ல ரிமூவ் கிளாஸ். தமிழ்ல புகுமுக வகுப்பும்பாங்க."

"எல்லாருமா?"

கேட்டது நான்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எல்லாருந்தான். அன்னிக்குப் பெரிய வாத்தியார் யார் யாருக்கு எந்தப் பெரிய ஸ்கூலுன்னு பேரு படிச்சாரு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூலு, ஒரே ரிமூவ். அதைச் சொல்லத்தான் மூச்சு வாங்க ஓடி வந்தேன். பாதி சொல்றதுக்குள்ள எங்கம்மா தொரத்திட்டாங்க."

"நீ கை தட்டின."

"சந்தோசத்துலடீ! வேற எதுக்குத் தட்டுவாங்க?"

வாழையிலையில் யாரோ பாயசம் ஊற்றினார்கள். அது ஓடிச் சாம்பாரில் கலந்து, இலை நுனியைத் தாண்டி மேசையில் சொட்டியது. நான் கையை வைத்துத் தடுக்கவில்லை. அக்காமாரே, உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து, அது காலடியில் விழுந்து உடைந்தபின் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. யாரும் என்னை நீக்கவில்லை. வெளியே தள்ளுகிற சொல் என்று நான் பயந்ததும், உள்ளே கூப்பிடுகிற சொல் என்று நான் பொறாமைப்பட்டதும் ஒரே வகுப்புக்கு இரண்டு பேர்.

"மொத நாளு பக்கத்துல பைய வச்சு ஒனக்கு எடம் புடிச்சேன்" என்றாள் அவள், குரல் இறங்கி. "டீச்சர் பைய எடுன்னாங்க. இல்ல டீச்சர், அவ வருவான்னு சொன்னேன். மறுநாளும் வச்சேன். அப்புறம் வேற புள்ள வந்து ஒக்காந்துருச்சு."

"பாட்டி, நீங்க யாரையும் கேக்கவே இல்லியா?" என்றாள் பேத்தி. குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு அது இருக்க முடியாத விஷயம்.

"அப்பா கேக்கப் போனாரு" என்றேன். "கேட் பூட்டியிருந்துச்சு."

பெஞ்சுக்காரி என் கையை எச்சில் கை என்று பார்க்காமல் பிடித்து எழுப்பினாள். "வா, பள்ளிக்கூடம் இங்கதான் இருக்கு. பாத்துட்டு வருவோம்."

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள். தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. எந்த லோங்காங்குக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளி மட்டும் அதே இடத்தில், புதுக் கட்டடமாக, புதுச் சாயத்தோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கேட்டில் சங்கிலி, பூட்டு.

நான் அங்கே நின்றேன். தீபாவளிச் சட்டையும் எண்ணெய்த் தலையுமாக அப்பா இங்கேதான் நின்றிருப்பார். கையைக் கட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது தன்னைப் பார்க்க மாட்டார்களா என்று நின்றிருப்பார். கூப்பிட்டிருக்க மாட்டார். என் அப்பாவை எனக்குத் தெரியும்.

"பூட்டியிருக்கு. வாங்க, போவோம்" என்றேன்.

"இருங்க பாட்டி." பேத்தி பூட்டைப் பிடித்து இரும்புக் கம்பியில் டங் டங்கென்று தட்டினாள். "அண்ணே! ஜாகா அண்ணே! யாராச்சும் இருக்கீங்களா?"

படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காவல்காரர், சாப்பிட்டுக்கொண்டிருந்த மீ பொட்டலத்தோடு, உடனே வந்துவிட்டார். உடனே. அதுதான் எனக்கு அன்றைக்கு விழுந்த இரண்டாவது அடி. பூட்டின கேட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கும். கூப்பிட்டால் வரும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையே.

"என்னம்மா வேணும்?" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

பெஞ்சுக்காரி வாயெடுத்தாள். பேத்தியும் என்னமோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. அது எப்போதோ சொல்லிப் பார்த்துத் தயாராக இருந்த வாக்கியம்.

"சார், புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க. அதான் பள்ளிக்கு வரல. லீவு சொல்லாம விட்டுட்டோம்."

காவல்காரர் என்னைப் பார்த்தார். என் நெற்றி வியர்வையைப் பார்த்தார். அவர் குரல் இளகிவிட்டது.

"அட, இதுக்குப் போயி லீவு நாள்ல வெயில்ல வந்தீங்களா? பரவால்லம்மா. ஒடம்பு நல்லானதும் புள்ளைய வரச் சொல்லுங்க."